மார்பில் அடிபட்டால் ஐஸா, ஒத்தடமா? எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

பிச்சாவரம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது துடுப்புப் படகும், சுரபுன்னை மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் கால்வாய்களும்தான். தாத்தா பாட்டிகளைக் கேட்டால், 1975-ல் வந்த 'இதயக்கனி'யைச் சொல்வார்கள். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்து கிடக்கிறது இந்த அலையாத்திக் காடு. 2022-ல் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது.

படகுத்துறையைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனால் வேறொரு பிச்சாவரம் இருக்கிறது. இங்கே இருளர் குடும்பங்கள் வலையில்லாமல், வெறும் கையால் இறால் பிடிக்கிறார்கள். ஆண்களும் பெண்களும் இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீரில் குந்தியபடி சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். பிடிபட்ட இறாலைப் போட்டுவைக்க ஓலையில் முடைந்த 'பறி' உண்டு. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால், அந்தப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வார்கள்.

கை இரண்டும் தண்ணீருக்குள், வாயில் பறி. இந்த நிலையில் கால் வழுக்கினால் ஊன்றிக்கொள்ள எது இருக்கிறது? முன்பக்கமாகச் சாய்ந்தால் மரத்தின் முட்டு வேரிலோ, படகின் விளிம்பிலோ மோதுவது பெரும்பாலும் நெஞ்சுப் பகுதிதான். ஆணுக்கென்றால் அது விலா எலும்பில் பட்ட அடி. பெண்ணுக்கு அது மார்பகத்தில் பட்ட அடி. முழங்காலில் பட்டால் கரையேறியதும் எல்லோரிடமும் காட்டலாம். இதை யாரிடம் காட்டுவது?

அந்தத் தயக்கம் சதுப்பு நிலத்துக்கு மட்டும் சொந்தமில்லை. மடியில் துள்ளும் குழந்தையின் தலை 'டங்'கென்று இடிக்கும். சடன் பிரேக் போட்ட பஸ்ஸில் கம்பி இடிக்கும். ஸ்கூட்டர் ஹேண்டில்பார், கேஸ் சிலிண்டர், பால் கறக்கும்போது மாட்டின் தலை, காரில் சீட் பெல்ட், கபடி மைதானத்தில் எதிராளியின் முழங்கை என இந்த அடியை வாங்காத பெண்களே குறைவு. ஆனால் வீட்டில்கூட வாய்விட்டுச் சொல்பவர்களும் குறைவு. வலியைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். இரண்டு நாள் கழித்து நீலம் பாரித்திருப்பதைப் பார்த்ததும் பயம் வரும். ஒரு வாரத்தில் கையில் கட்டி மாதிரி ஏதோ தட்டுப்பட்டால், அன்றிரவு தூக்கம் போய்விடும்.

முதலில் ஒரு நல்ல செய்தி. மார்பகத்தில் படும் சாதாரண அடி, உடம்பில் வேறெங்கும் படும் அடியைப் போலத்தான். பெரும்பாலும் வீட்டிலேயே சரியாகிவிடும்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

மார்பகத்துக்குள் எலும்பு கிடையாது, தசையும் கிடையாது. தசை இருப்பது அதற்குப் பின்னால்தான். உள்ளே இருப்பது கொழுப்பு, பால் சுரப்பிகள், பால் குழாய்கள், இவற்றைத் தாங்கிப் பிடிக்கும் நார்கள், ஊடே ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள். அடிபடும்போது அந்தச் சின்னக் குழாய்கள் உடைந்து ரத்தம் தோலுக்கடியில் பரவுகிறது. அதுதான் கன்றிப்போவது. முதலில் சிவப்பாக, பிறகு ஊதாவாக, நீலமாக, பச்சையாக, கடைசியில் மஞ்சளாக மாறி மறையும். இதற்குச் சுமார் 2 வாரம் ஆகலாம். கறுத்த, மாநிறத் தோலில் இந்த நிறமாற்றம் அவ்வளவாகத் தெரியாது. தொட்டால் வலி, லேசான வீக்கம் ஆகியவைதான் அடையாளம்.

சில சமயம் ரத்தம் பரவாமல் ஒரே இடத்தில் தேங்கி உறைந்துவிடும். அதுதான் ரத்தக்கட்டு. தொட்டால் உருண்டையாகத் தெரியும். சிறியது என்றால் சில வாரங்களில் உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். பெரியது என்றால் டாக்டர் பார்க்க வேண்டியிருக்கும். மாதவிடாய் நெருங்கும் நாள்களில் மார்பகம் சிலருக்குத் தானாகவே கனத்து வலிக்கும். அந்த நேரத்தில் அடிபட்டால், அதே அடி இரு மடங்காக வலிப்பதுபோல் தோன்றும். அடி பலமா இல்லையா என்பதை வலியை மட்டும் வைத்து அளக்க முடியாது.

முதல் இரண்டு நாள்: குளிர்ச்சி. பிறகுதான் சூடு!

அடிபட்டதும் நம் வீடுகளில் முதலில் நடப்பது வெந்நீர் ஒத்தடம். கூடவே எண்ணெய் தடவி அழுத்தி நீவிவிடுவார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் அந்த நேரத்தில் இரண்டுமே சரியில்லை. சூடு பட்டால் ரத்தக்குழாய் விரிந்து ரத்தக்கசிவு கூடும். அழுத்தி நீவினால் உடைந்த குழாய் மேலும் உடையும்.

முதல் 48 மணி நேரத்துக்குக் குளிர்ச்சிதான் மருந்து. ஐஸ் கட்டியை ஒரு பருத்தித் துணியில் சுற்றி, 10 முதல் 15 நிமிடம் மெதுவாக வையுங்கள். ஒரு நாளில் மூன்று நான்கு முறை வைக்கலாம். ஐஸை நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. மார்பகத் தோல் மெல்லியது, குளிரிலும் புண்ணாகும். ஃபிரிட்ஜ் இல்லையா? மண்பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். மீன் வாங்கி விற்கும் ஊர்களில் ஐஸ் கிடைப்பது கஷ்டமில்லை. ஆனால் மீன் பெட்டி ஐஸ் சுத்தமானதல்ல. பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அதன் மேல் துணி சுற்றித்தான் பயன்படுத்த வேண்டும்.

இரண்டு நாள் கழித்து வீக்கம் நின்ற பிறகு இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம். தேங்கிய ரத்தம் கரைய அது உதவும்.

அடுத்தது உள்ளாடை. வலிக்கிறது என்று பிராவைக் கழற்றி வைத்துவிடுவது பலரின் வழக்கம். உண்மையில், ஆடும்போதும் குனியும்போதும்தான் வலி அதிகமாகும். இறுக்காத, கம்பி வைக்காத, நன்றாகத் தாங்கிப் பிடிக்கும் பருத்தி பிரா அணிந்தால் பாதி வலி குறையும். தேவைப்பட்டால் சில நாள் இரவிலும் அணியலாம். பிரா அணியும் பழக்கம் இல்லாத வயதானவர்களுக்கு, மெல்லிய துண்டைத் தொளதொளப்பாக மார்புக்குக் குறுக்கே கட்டிவிடலாம். மூச்சு முட்டக் கட்டக் கூடாது.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். பால் கொடுக்கும் தாய்மாரும் அதைச் சாப்பிடலாம். அட்டையில் உள்ள அளவைத் தாண்ட வேண்டாம். முதல் ஒன்றிரண்டு நாளில் ஆஸ்பிரினைத் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம், அது ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். இதய நோய்க்காக ஏற்கெனவே ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது. அவர்களுக்குச் சின்ன அடியே பெரிய ரத்தக்கட்டாகலாம் என்பதால், அன்றே டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடும் வழக்கம் டெல்டா மாவட்ட வீடுகளில் இன்றும் உண்டு. காலில் சுளுக்கு என்றால் போகட்டும். மார்பகத்தின் மென்மையான தோலில், குறிப்பாகக் காம்பைச் சுற்றி, சுண்ணாம்பு பட்டால் வெந்துவிடும். ரத்தக்கட்டு வலி போய் தீக்காய வலி வந்து சேரும். ஊசியால் குத்திக் 'கெட்ட ரத்தம்' எடுப்பது அதைவிட ஆபத்து.

தோல் கிழிந்திருந்தால் கதை வேறு

கன்றிப்போன அடிக்குப் பொறுமை போதும். கீறல், கிழிசல் என்றால் சுத்தம் வேண்டும். பிச்சாவரம் போன்ற இடங்களில் இது இன்னும் முக்கியம். வேர்களில் ஒட்டியிருக்கும் சிப்பி ஓடு பிளேடு மாதிரி. சேற்றில் கெளுத்தி முள் காத்திருக்கும்.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து, 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கொரு முறை எடுத்துப் பார்க்கக் கூடாது. பிறகு குடிக்கத் தகுந்த நல்ல தண்ணீரை ஊற்றி, சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று கால்வாய்த் தண்ணீரால் கழுவினால் கிருமியை நாமே காயத்துக்குள் அனுப்பியதாகிவிடும். கடலும் ஆறும் கலக்கும் உவர்நீரில் 'விப்ரியோ' என்ற வகை பாக்டீரியாக்கள் இயல்பாகவே இருக்கும். பெரும்பாலானோருக்குப் பிரச்னை வராது. சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இது மணிக்கணக்கில் முற்றிவிடக்கூடும். காயத்தைச் சுற்றிச் சிவப்பு வேகமாகப் பரவுகிறது, தாங்க முடியாத வலி, காய்ச்சல், கருநீலக் கொப்புளம்... இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108.

கெளுத்தி முள் குத்தினால் வலி உயிர் போகும். அதன் விஷம் சூட்டில் வீரியம் குறையும் என்பதால், கையில் காலில் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் முக்கிவைப்பார்கள். மார்புப் பகுதியை முக்க முடியாது. வெந்நீரில் பிழிந்த துணியை மாற்றி மாற்றி வைக்கலாம். சூடு சரியா என்பதை அடிபடாத கையில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். குளிர்ச்சிக்கு விதிவிலக்கு இந்த ஒன்றுதான். முள் முனை உள்ளே ஒடிந்திருக்கலாம், மார்புச் சுவரைத் துளைத்தும் இருக்கலாம் என்பதால், வலி குறைந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்று, தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரையே தந்த மரம், நடராஜர் கோயிலின் தல விருட்சம். பிச்சாவரத்தில் இன்றும் நிற்கும் அந்த மரத்தின் பால் தோலில் பட்டால் எரிந்து கொப்பளிக்கும். கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே மங்கும். கிளை ஒடிந்து மேலே பட்டால் ஈரத் துணியை உடனே மாற்றிவிட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பால் குடிக்கும் குழந்தை இருந்தால், சோப்பு போட்டுக் கழுவாமல் மார்பில் அணைக்கக் கூடாது.

எந்தக் காயத்திலும் காபித்தூள், சாம்பல், பல்பசை வேண்டாம். அழுக்குக் காயம் என்றால், கடைசியாக டி.டி. ஊசி போட்டு 5 வருடம் ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும். எப்போது போட்டோம் என்றே தெரியவில்லை என்றால் போட்டுவிடுவதுதான் சரி. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும்.

சேற்று வேலைக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிரமம் உண்டு. காயத்தை உலர்வாக வைத்திருங்கள் என்று யார் வேண்டுமானாலும் எளிதாகச் சொல்லிவிடலாம். தண்ணீரில் இறங்கினால்தான் அன்றைய அரிசி என்கிற வீட்டில் அந்த அறிவுரையின் விலை ஒரு நாள் கூலி. குறைந்தபட்சம் தோல் மூடும்வரை, இறாலைப் பிரிப்பது, விற்பது போன்ற கரை வேலையை அந்தப் பெண்ணுக்கு விட்டுக்கொடுத்து, தண்ணீர் வேலையை வீட்டில் மற்றவர்கள் பார்த்துக்கொண்டால் அதுதான் பெரிய வைத்தியம்.

பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு...

இவர்களின் காயத்துக்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் குட்டி ஆள்தான். முதல் வாரங்களில் காம்பு வெடிப்பதற்கு முக்கியக் காரணம், குழந்தை காம்பை மட்டும் சப்புவது. காம்போடு சேர்த்து அதைச் சுற்றியுள்ள கருவளையமும் குழந்தையின் வாய்க்குள் போக வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம் ஒருமுறை காட்டி, பிடிக்கும் விதத்தைச் சரிசெய்துகொண்டால் பல வெடிப்புகள் களிம்பே இல்லாமல் ஆறும். பால் கொடுத்து முடித்ததும் இரண்டு சொட்டுத் தாய்ப்பாலைக் காம்பில் தடவிக் காயவிடலாம்.

பல் முளைத்த குழந்தை கடித்துவிட்டால் 'ஆ'வென்று வெடுக்கென இழுப்போம். அதில்தான் காம்பு கிழியும். சுண்டுவிரலைக் குழந்தையின் வாயோரத்தில் மெல்ல நுழைத்தால் பிடி தானாக விடும். வெடிப்பிலிருந்து கசிந்த ரத்தம் பாலோடு சேர்ந்து குழந்தையின் வயிற்றுக்குள் போனாலும் பொதுவாகக் கெடுதல் இல்லை. ஹெபடைடிஸ்-சி, எச்.ஐ.வி. போன்ற தொற்று உள்ள தாய்மார் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடர வேண்டும்.

அடிபட்ட பக்கம் பால் கொடுப்பதை நிறுத்திவிட வேண்டும் என்பது தவறான நம்பிக்கை. பால் தேங்கினால் வலி கூடும், சீழ் பிடிக்கும் வாய்ப்பும் கூடும். குழந்தை சப்பும்போது தாங்க முடியாமல் வலித்தால் கையால் பீய்ச்சி எடுங்கள். மார்பகம் சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சலும் வந்தால் அது மார்பக அழற்சியாக இருக்கலாம். ஒரு நாளில் குறையாவிட்டால் ஆன்டிபயாடிக் தேவைப்படும். அப்போதும் பால் கொடுக்கலாம்.

சின்னப் பெண்ணின் 'கட்டி'

8 வயதிலிருந்து 13 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் பெண் குழந்தைகளுக்குக் காம்புக்கு அடியில் ஒரு பட்டன் அளவுக்குக் கெட்டியாகத் தோன்றும். பெரும்பாலும் ஒரு பக்கம் முதலில் வரும், மறுபக்கம் சில மாதம் கழித்து வரும். லேசாக இடித்தாலே கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு வலிக்கும். பள்ளியில் பந்து பட்டது என்று அழுதுகொண்டு வரும் பெண்ணைத் தொட்டுப்பார்க்கும் அம்மா, 'அடிபட்டுக் கட்டியாயிடுச்சு' என்று பதறுவது இதனால்தான். அது கட்டியல்ல, மார்பகத்தின் மொட்டு. அதை அமுக்கி, நசுக்கிப் பார்க்கக் கூடாது. அவசரப்பட்டு அறுத்து எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் மார்பகமே வளராமல் போகும். சாதாரண அடியால் வளர்ச்சி நின்றுவிடாது. ஐஸ் துணி, நல்ல உள்ளாடை, இரண்டு நாள் விளையாட்டுக்கு லீவு. அவ்வளவுதான்.

அடிபட்டால் புற்றுநோய் வருமா?

எல்லோர் மனதிலும் இருப்பது இந்தக் கேள்விதான். பதில்: வராது. மார்பில் பட்ட அடி புற்றுநோயை உண்டாக்குவதில்லை.

அப்படியானால் 'அங்கே அடிபட்டுச்சு, அதுக்கப்புறம்தான் அவங்களுக்குக் கேன்சர் வந்துச்சு' என்று ஊரில் சொல்கிறார்களே? அதற்கு ஒரு எளிய விளக்கம் உண்டு. நம் பெண்களில் பலர் தங்கள் மார்பகத்தைத் தொட்டுப் பரிசோதிப்பதே இல்லை. அடிபட்டதும் முதல் முறையாகக் கை அங்கே போகிறது. ஏற்கெனவே இருந்த கட்டி அப்போதுதான் தட்டுப்படுகிறது. பழி அடியின் மேல் விழுகிறது.

இந்த நம்பிக்கையால் வருவது பயம் மட்டும்தான் என்றால் பரவாயில்லை. இதற்கு நேரெதிராக இன்னொரு தவறு இருக்கிறது. அதுதான் உயிருக்கு உலை வைப்பது. 'போன மாசம் படகுல இடிச்சுக்கிட்டேன்ல, அந்த ரத்தக்கட்டுதான் இது' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, உண்மையான கட்டியை மாதக்கணக்கில் வளரவிடுவது. மறக்காமல் நினைவில் நிற்கும் ஓர் அடி, சந்தேகப்பட வேண்டிய கட்டிக்கு நல்ல சாக்காகிவிடுகிறது.

குழப்பம் டாக்டர்களுக்கும் வந்திருக்கிறது. அடிபட்ட இடத்தில் கொழுப்புச் செல்கள் சிதைந்துபோனால், அங்கே கெட்டியான, ஒழுங்கற்ற ஒரு கட்டி உருவாகலாம். சிலருக்கு மேல்தோலே உள்ளே இழுத்துக்கொண்டு குழி விழும். தொட்டுப் பார்த்தால் அச்சு அசல் புற்றுநோய் மாதிரியே இருக்கும். 1920-ல் லீ, அடேர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் முதன்முதலாக இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். அவர்கள் விவரித்த இரண்டு பெண்களுக்கும் புற்றுநோய் என்று நினைத்து மார்பகத்தையே அகற்றியிருந்தார்கள். பிறகு பார்த்தால் அது கொழுப்புச் சிதைவு.

இன்று அந்த நிலை இல்லை. ஸ்கேன் இருக்கிறது, மேமோகிராம் இருக்கிறது, சந்தேகம் தீராவிட்டால் ஊசியில் துளியூண்டு சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சி இருக்கிறது. ஆனால் இந்த மூன்றுக்கும் ஆளை நேரில் கொண்டுபோக வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து 'இது ரத்தக்கட்டுதான்' என்று உறுதியாகச் சொல்ல அனுபவசாலி டாக்டராலேயே முடியாதபோது, பக்கத்து வீட்டு அக்காவாலோ நம்மாலோ எப்படி முடியும்?

இன்னும் அரிதாக ஒன்று உண்டு. அடிபட்ட சில நாளில் மார்பகத்தின் மேல் கயிறு கட்டியதுபோல நீளமாக, கெட்டியாக ஒரு கோடு தெரியும், வலிக்கும். தோலுக்கடியில் உள்ள சிரையில் ரத்தம் உறைந்து அழற்சி ஏற்படுவதுதான் காரணம். 1939-ல் இதை விவரித்த பிரெஞ்சு அறுவை சிகிச்சை நிபுணர் மாண்டோரின் பெயரால் 'மாண்டோர் நோய்' என்கிறார்கள். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். இருந்தாலும் ஒருமுறை டாக்டர் பார்த்துவிடுவது நல்லது.

ஆகவே அடிபட்ட அன்றே காலண்டரில் தேதியைக் குறித்துவையுங்கள். 2 வாரத்தில் நிறமும் வலியும் பெருமளவு போயிருக்க வேண்டும். கட்டி இருந்தால் அது வாரத்துக்கு வாரம் சிறுத்துக்கொண்டே வர வேண்டும். 4 வாரம் கழித்தும் அப்படியே இருந்தாலோ, நடுவில் பெரிதானாலோ காட்டியே ஆக வேண்டும். காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்வது, ரத்தமாகக் கசிவது, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி புள்ளி புள்ளியாகக் குழிவது, அக்குளில் கட்டி தட்டுப்படுவது ஆகியவற்றுக்கு 4 வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். ஆண்களுக்கும் இது பொருந்தும். அரிது என்றாலும் ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும்.

அன்றே போக வேண்டியது எப்போது?

சில மணி நேரத்தில் ஒரு பக்கம் கண்ணெதிரே வீங்கிக்கொண்டே போகிறது என்றால் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது. மூச்சை இழுத்தால் குத்துகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அடி விலாவிலோ நுரையீரலிலோ பட்டிருக்கலாம். தலைசுற்றல், 10-15 நிமிடம் அழுத்தியும் நிற்காத ரத்தம், ஆழமான கிழிசல், நாயோ மனிதரோ கடித்த காயம் ஆகியவையும் அன்றே காட்ட வேண்டியவை. கார் விபத்தில் சீட் பெல்ட் அழுத்தி மார்புக்குக் குறுக்கே கோடாகக் கன்றியிருந்தால், வெளியே சிறியதாகத் தெரிந்தாலும் உள்ளே பரிசோதிப்பது அவசியம்.

'மனிதர் கடித்த காயம்' என்றதும் சிலருக்குச் சொல்ல முடியாத ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். எல்லா அடியும் படகு விளிம்பிலோ பஸ் கம்பியிலோ பட்டதல்ல. வீட்டுக்குள் விழுந்த அடியாகவும் இருக்கலாம். அப்படி என்றால், போலீஸ் புகார் இருந்தால்தான் சிகிச்சை என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ம் ஆண்டுச் சட்டமும் சிகிச்சையை உறுதி செய்கிறது. பாலியல் வன்முறை என்றால் அரசு, தனியார் என எந்த மருத்துவமனையும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் அளிக்க வேண்டும். முடிந்தால் குளிக்காமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் போவது பின்னாளில் சாட்சிக்கு உதவும். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போங்கள். பெண்கள் உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

கூச்சத்தில் பலரும் 'நெஞ்சு வலிக்குது' என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்படிச் சொன்னால் டாக்டர் முதலில் இதயத்தைத்தான் நினைப்பார், இ.சி.ஜி. எடுக்க அனுப்புவார். அரை நாள் அதிலேயே போகும். 'மாரில் அடிபட்டிருக்கு, இத்தனை நாளாச்சு, கட்டி மாதிரி இருக்கு' என்று நேராகச் சொல்லிவிடுங்கள். டாக்டர் ஆணாக இருந்தால், பரிசோதனையின்போது பெண் செவிலியர் உடன் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். அம்மாவையோ தோழியையோ கூடவே வைத்துக்கொள்ளலாம். அது உங்கள் உரிமை.

வாய்விட்டுச் சொல்லவே முடியவில்லை என்றால், அடிபட்ட தேதி, எதில் பட்டது, சாப்பிடும் மாத்திரைகள், கடைசி மாதவிடாய் தேதி ஆகியவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய் நீட்டினாலும் போதும். மேமோகிராம் எடுக்கும் முன் அடிபட்டதை மறக்காமல் சொல்லுங்கள். புது ரத்தக்கட்டு அந்தப் படத்தில் சந்தேகத்துக்கிடமான நிழலாகத் தெரியலாம். சொன்னால், சில வாரம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இளம் பெண்களுக்கு மார்பகம் அடர்த்தியாக இருக்கும் என்பதால், பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனைத்தான் முதலில் எழுதிக்கொடுப்பார்கள். அதில் கதிர்வீச்சு கிடையாது, வலியும் இருக்காது.

பிச்சாவரம், கிள்ளைப் பக்கத்தவர்களுக்கு முதல் படி ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து சிதம்பரம் அரசு காமராஜர் மருத்துவமனைக்கோ, ராஜா முத்தையா என்ற பழைய பெயரிலேயே இன்றும் பலர் சொல்லும் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். 30 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். அடிபட்டிருக்க வேண்டும் என்பதில்லை. வேறு எதற்கோ போனாலும் 'அதையும் பார்த்துவிடுங்கள்' என்று கேட்கலாம். போகலாமா, வேண்டாமா என்றே குழப்பமாக இருந்தால் 104-க்கு போன் செய்யுங்கள். மருத்துவ ஆலோசனைக்கான அரசு உதவி எண் அது. முகம் காட்ட வேண்டியதில்லை.

பரிசோதனையில் கொழுப்புச் சிதைவு என்று தெரிந்தால் பெரும்பாலும் மருந்து மாத்திரையே தேவைப்படாது. சிலருக்கு அது எண்ணெய் நிறைந்த சின்னப் பை மாதிரி மாறி, வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். தொந்தரவு தந்தால் ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகும். அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை எந்த டாக்டர் அந்த இடத்தைத் தொட்டுப்பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாலும் அதை எடுத்து நீட்டலாம்.